கண்ணை அசைத்தால் மனசு ஆறுமா?



நம் ஆண்டு மலரில் வழக்கமாக ரோபோ, ராக்கெட், சூரிய சக்தி என்று கட்டுரைகள் வரும். இந்தத் தடவை நான் மெஷினை விட்டுவிட்டு மனுஷனைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

என் வகுப்பு நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம் அவன் ஊர். போன வருஷம் ஈ.சி.ஆரில் ராத்திரி பைக்கில் வரும்போது விபத்து. ஓட்டியது இவன். பின்னால் உட்கார்ந்திருந்த பள்ளித் தோழன் அங்கேயே போய்விட்டான். இவனுக்குக் கை எலும்பு முறிந்தது, ஒட்டியும் விட்டது. ஆனால் எட்டு மாசம் கழித்தும் லாரியின் ஏர் பிரேக் சத்தம் கேட்டால் முகம் வெளுத்துவிடும். வொர்க்‌ஷாப்பில் கிரைண்டரிலிருந்து பொறி பறந்தால் வெளியே நடந்துவிடுவான். அட்டெண்டன்ஸ் குறைந்தது, ரெண்டு அரியர் விழுந்தது. ராத்திரி தூக்கம் கிடையாது.

ஒருநாள் கேட்டான்: "மச்சான், இ.எம்.டி.ஆர்.னு ஒரு வைத்தியம் இருக்காமே. கண்ணை இப்படி அப்படி ஆட்டினா போதுமாமே. எனக்கு அது சரிப்படுமாடா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் அன்றைக்கே ஹாஸ்டல் அறையில் போனில் ஒரு வீடியோவைப் போட்டேன். திரையில் ஒரு புள்ளி இடமும் வலமும் ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததை நினைக்கச் சொன்னேன். அஞ்சு நிமிஷத்தில் அவன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தின பிறகும் நிற்கவில்லை. விடியும் வரை மொட்டை மாடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முன்னாடியே செய்திருக்க வேண்டிய வேலை!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இ.எம்.டி.ஆர். என்பது 'ஐ மூவ்மென்ட் டீசென்சிடைசேஷன் அண்ட் ரீப்ராசசிங்' என்பதன் சுருக்கம். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷப்பீரோ 1987-ல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது தன் கண்கள் அங்கும் இங்கும் அசைய, மனதை அரித்த எண்ணங்களின் வேகம் குறைவதைக் கவனித்தாராம். 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்டார். ஆரம்பத்தில் பலரும் சிரித்தார்கள். ஆனால் 2013-ல் உலக சுகாதார நிறுவனம், விபத்து, வன்முறை, பேரழிவு போன்றவற்றுக்குப் பிறகு வரும் பி.டி.எஸ்.டி. என்ற மனக்காய நோய்க்குப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

பி.டி.எஸ்.டி. என்றால் என்ன? நம் பாஷையில் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸுக்குள் கடல் நீர் புகுந்தபோது ரியாக்டர் பத்திரமாக நிறுத்தப்பட்டது. சில நாளில் எல்லாவற்றையும் சரிபார்த்து மறுபடி ஓட்டினார்கள். மெஷினில் ஃபால்ட் சரியானால் அலாரத்தை ரீசெட் செய்கிறோம். மனிதனில் சில சமயம் ஃபால்ட் போய்விடுகிறது, அலாரம் மட்டும் லாட்ச் ஆகி அடித்துக்கொண்டே இருக்கிறது. நடந்தது பகலில் கண்முன் வரும், ராத்திரி கனவில் வரும். அதை ஞாபகப்படுத்துகிற இடம், பேச்சு, ஆள் எல்லாவற்றையும் விட்டு விலகத் தோன்றும். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். இப்படி ஒரு மாசத்துக்கு மேலும் இருந்து, படிப்பையும் வேலையையும் கெடுத்தால் டாக்டர்கள் அந்தப் பெயரை வைக்கிறார்கள். அரியர் பயம், காதல் தோல்வி இதெல்லாம் வேதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அவை இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றும் முக்கியம். அடிபட்ட எல்லாருக்கும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. பெரும்பாலோர் நாளாக நாளாகத் தாமாகவே தேறிவிடுகிறார்கள். என் நண்பனின் பாட்டி சுனாமியில் வீட்டையும் தம்பியையும் இழந்தவர். அவரிடம் கேட்டேன். "ஒரு வருஷம் கடலுக்கு முதுகக் காட்டியே உக்காந்து மீன் வித்தேன் தம்பி. பக்கத்துல வித்தவளுங்களும் அப்படித்தான். அப்புறம் எப்பன்னு தெரியல, திரும்பிட்டேன்" என்றார். அதனால் சம்பவம் நடந்த மறுவாரமே சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. சாப்பாடு, தூக்கம், கூட இருக்க மனுஷர்கள், இவைதான் முதலில். எட்டு மாசம் ஆகியும் அலாரம் நிற்காத என் நண்பன் கதை வேறு.

சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கிறது? எட்டுக் கட்டங்கள் சொல்கிறார்கள். கண் அசைவு நாலாவதில்தான் ஆரம்பம்! முதலில் முழுக் கதையையும் உடல்நிலையையும் கேட்டறிகிறார்கள். பிறகு தயாரிப்பு, அதாவது மனம் கொந்தளித்தால் எப்படித் தணிப்பது என்று பழக்குகிறார்கள். நான் வீடியோவில் தாண்டிக் குதித்தது இந்தப் படியைத்தான். அதன் பிறகு மிக மோசமான ஒரு காட்சியையும் அதோடு ஒட்டிய நினைப்பையும் எடுத்துக்கொள்கிறார்கள். என் நண்பனுக்கு அந்த நினைப்பு "நான்தான் கொன்னேன்" என்பது. வேதனை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டு, விரலை ஆட்டி கண்ணால் தொடரச் செய்கிறார்கள். சில நொடிகள், ஒரு நிறுத்தம், "இப்ப என்ன வருது?" என்ற கேள்வி, மறுபடி அதே. கண்ணில் கோளாறு இருந்தால் கையில் மாறி மாறித் தட்டுவதும் உண்டு. ஒரு அமர்வு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். இங்கிலாந்தின் 2018 மருத்துவ வழிகாட்டி வழக்கமாக 8 முதல் 12 அமர்வு என்கிறது. போர்க்களத்தில் காயப்பட்டவர்களுக்கு அந்த வழிகாட்டி இதைச் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்படி வேலை செய்கிறது என்பதில் சண்டை தீரவில்லை. ஒரு விளக்கம் எனக்குப் பிடித்தது: வைவாவில் பதில் சொல்லிக்கொண்டே ஃபைலிங்கும் செய் என்றால் ரெண்டும் அரைகுறையாகும் அல்லவா? அதுபோல ஞாபகத்தை எடுத்து வைத்திருக்கும்போதே கண்ணுக்கும் வேலை கொடுத்தால், அந்தக் காட்சியின் கூர்மை மங்கி, மங்கினபடியே திரும்ப உள்ளே போய்ச் சேருகிறது என்கிறார்கள். கண் அசைவே தேவையில்லை, பத்திரமான இடத்தில் நினைத்துப் பார்ப்பதுதான் மருந்து என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2001-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு அசைவால் கூடுதல் பலன் இல்லை என்றது, 2013-ல் வந்த இன்னொன்று உண்டு என்றது.

இது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு இலங்கையில் போரையும் அலையையும் பார்த்த 31 தமிழ்க் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நடந்ததை வரிசையாகக் கதையாகச் சொல்லும் சிகிச்சை, மீதிப் பேருக்கு தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆளுக்கு ஆறு அமர்வு. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் ரெண்டு பக்கமும் பெரும்பாலானவர்கள் தேறியிருந்தார்கள். ஆகவே இ.எம்.டி.ஆர். தெரிந்தவர் பக்கத்தில் இல்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். காயத்தை மையமாக வைத்த பேச்சு சிகிச்சையும் அதே 2013 பரிந்துரையில் இருக்கிறது.

அப்படியானால் யாருக்கு இது? நடந்ததை வாய்விட்டு விவரமாகச் சொல்ல முடியாதவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. முழுக்கதையையும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வீட்டுப்பாடமும் கிடையாது. நேர்மாறாக, ஆபத்து இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் முதல் வேலை பாதுகாப்பு. தற்கொலை எண்ணம் இருந்தாலோ, குடியோ மாத்திரையோ கட்டுக்கு மீறிப் போயிருந்தாலோ, தன்னை மறந்து 'எங்கேயோ போய்விடுகிற' மாதிரி அடிக்கடி ஆனாலோ, வலிப்பு இருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் தள்ளிப்போடலாம், அல்லது தயாரிப்புக் கட்டத்தை நீட்டலாம். ஆரம்ப அமர்வுகளுக்குப் பிறகு கனவும் அழுகையும் கொஞ்சம் கூடலாம். எனவே செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதீர்கள்.

செய்கிறவர் யார் என்பதையும் கேட்க வேண்டும், கூச்சப்படாமல். மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? இ.எம்.டி.ஆரில் முறையான பயிற்சி எங்கே எடுத்தார்? நடுவில் நிறுத்தணும்னா எப்படிச் சொல்வது? ஒரே நாளில் குணம் என்று உத்தரவாதம் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ். 2022 முதல் இருக்கிறது, இலவசம், ராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம்.

என் நண்பனை செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் பேசினார். ரெண்டு வழியையும் விளக்கிவிட்டு, "நீ யோசிச்சு சொல்லுப்பா" என்றார். அவன் ஒரு வாரம் யோசித்தான். "எல்லாத்தையும் வாயால சொல்ல என்னால முடியாதுடா, கண்ணுதான்" என்றான். இப்போது சனிக்கிழமை தோறும் ரயிலில் சென்னைக்குப் போகிறோம். செலவு கைக்கு எட்டும்படி குறைத்துக்கொண்டார்கள். மூணு அமர்வு முடிந்திருக்கிறது, இன்னும் தயாரிப்புக் கட்டம்தான், கண் அசைவு ஆரம்பிக்கவில்லை. போன வாரம் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் முதல் தடவையாக ஜன்னலோரம் உட்கார்ந்தான். எதிரே லாரி வந்தபோது கம்பியை இறுக்கிப் பிடித்தான், ஆனால் இறங்கவில்லை.