பிறர் ஆலையில் நம் சரக்கு

நம் வியாபாரிகளிற் பலர் சொந்த ஆலை ஏதுமின்றி, மசாலாத் தூளையும் கைலியையும் பிறரிடம் செய்வித்துத் தம் முத்திரையிட்டு விற்கின்றனர். இதற்கு ஒப்பந்த உற்பத்தி என்று பெயர். பெரிய கம்பெனிகள் இதனையே கணினி வலைவழி நடத்துகின்றன. அவை கண்ட லாபத்தையும் பட்ட நஷ்டத்தையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

ஆர்டர் கொடுப்பவர் தம் கணினியில் பதியும் சரக்கின் பெயர், அளவு, தேதி ஆகியன ஆலைக்காரரின் கணினிக்கு நேரே போய்ச் சேருகின்றன. இடையில் ஒருவர் உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டுவதில்லை. ஆனால் இரு கணினிகளும் ஒரே பாஷை பேச வேண்டுமே! அதற்காக 1987-இல் எடிஃபாக்ட் என்ற சர்வதேச நியமம் ஏற்பட்டது. மின்னணுச் சாதனக் கம்பெனிகள் 1998-இல் ரொஸெட்டாநெட் என்ற கூட்டமைப்பை நிறுவின. ஒரே செய்தி மூன்று எழுத்து வகைகளிற் பொறிக்கப்பெற்று எகிப்தில் கிடைத்த கல்லின் பெயர் அது, பொருத்தமான பெயர்தான். ஆர்டர் கேட்பது, ஒப்புக்கொள்வது, திருத்துவது, சரக்கு புறப்பட்டதைத் தெரிவிப்பது ஆகிய ஒவ்வொன்றிற்கும் அதில் தனித்தனி முறை வகுத்திருந்தனர்.

இத்தனை வசதிகள் வந்த காலத்திலேயே பெருநஷ்டம் ஒன்றும் நேர்ந்தது. அமெரிக்காவின் சிஸ்கோ கம்பெனி, கணினிகளை இணைக்கும் கருவிகளை விற்பது. அவற்றிற் பெரும்பகுதியை ஒப்பந்த ஆலைகளே செய்தன. வலைவழி நிர்வாகத்திற்கு அதனையே பலரும் உதாரணம் காட்டி வந்தனர். 2000-ஆம் ஆண்டில் உதிரிப் பாகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரே வேலையை எதிர்பார்த்த ஆலைகள் ஒவ்வொன்றும் பாகங்களை முன்கூட்டியே பிடித்துவைக்கப் பார்த்தன. உதாரணமாக, 10,000 கருவிகளுக்கான தேவை மூன்று ஆலைகள் வழியே போனால், பாகம் செய்பவருக்கு அது 30,000 என்று தோன்றும். வாடிக்கைக்காரர்களும் சரக்குக் கிடைக்காதோ என்றஞ்சி இரண்டு மூன்று இடங்களிற் சொல்லி வைத்தனர். எல்லாம் மெய்யான தேவை என்றே கணக்காயிற்று. வாணிபம் சுருங்கியதும் குவிந்த சரக்கு அப்படியே நின்றது. 2001-இல் சிஸ்கோ 200 கோடி டாலருக்கு மேற்பட்ட சரக்கை நஷ்டத்தில் எழுதிற்று.

வலை அறுந்ததால் வந்த நஷ்டமன்று இது. செய்தி விரைவாகவே போயிற்று. ஆனால் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை மட்டுமே கண்டனர். அசல் ஆர்டர் எது, அதன் நிழல் எது என்று கடைசியில் இருந்தவருக்குத் தெரிய வழியில்லை. பின்னர் சிஸ்கோ, ஆலைகளும் பாகம் செய்வோரும் ஒரே கணக்கைப் பார்க்கும் பொதுத்தளம் ஒன்றை அமைக்க முற்பட்டது.

இது கோடீசுவரர் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. பெருநாள் நெருங்கும்போது கைலி கிடைக்காதென்று கேள்விப்பட்டு, மூன்று ஏஜண்டுகளிடம் 500 என்று சொல்லி வைக்கிறோம். மூவரும் ஒரே நெசவாலைக்குப் போனால் என்ன ஆகும்? அல்லது வாட்ஸ்அப்பில் 500 என்று எழுதிவிட்டு, பிறகு 400 போதுமென்று பேசி அனுப்புகிறோம். எது முடிவானதென்று சரக்கு வந்தபின் தகராறு.

ஆகவே ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் எண் வேண்டும். அளவை மாற்றினால் புதிய ஆர்டர் போடாமல், அதே எண்ணின் கீழ்த் திருத்தம் என்று எழுத வேண்டும். பலரிடம் விலை கேட்கையில், இது விசாரணையே, ஆர்டர் அன்று எனக் குறிப்பிட வேண்டும். சரக்கிற்கும் மாறாத குறியீடு தேவை; “போன தடவை அனுப்பிய பச்சை” என்றால் கணினிக்குப் புரியாது, ஆலைக்குப் புதிதாய் வந்த கணக்கப்பிள்ளைக்கும் புரியாது. கையிருப்பை ஆலைக்காரருக்குக் காட்டினால் தொழில் ரகசியம் போய்விடுமே என்று சிலர் தயங்குவர். அளவைக் காட்டினாற் போதும். விற்கும் விலையைக் காட்ட வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் 2019 முதல் பெப்பால் நியமப்படி மின் இன்வாய்ஸ் வலை நடந்துவருகிறது. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு வரவு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு மின் இன்வாய்ஸ் கட்டாயமாகி, பின்னர் படிப்படியாகப் பிறருக்கும் வரலாயிற்று. பெப்பால் இன்வாய்ஸில் ஆர்டர் எண்ணைக் குறிப்பதற்கென்றே ஓர் இடம் உண்டு. சரக்கு அனுப்புபவர் அதனை வெறுமனே விடாமல் நிரப்பித் தரவேண்டுமென்று முதல் ஆர்டரிலேயே கேட்டுக்கொள்ளலாம்.