கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்பு மருமகளுக்கு, அத்தை எழுதுவது.

உன் மாமாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பிளஸ் டூ முடிவு வந்த அன்று போனில் பேசியதோடு சரி. அப்புறம் நீயும் கூப்பிடவில்லை, உன் அப்பனும் கூப்பிடவில்லை. அவன் கூப்பிடாமல் இருந்தால் ஏதோ ஒரு காரியம் எனக்குத் தெரியாமல் நடக்கிறது என்று அர்த்தம். கிணற்றுக்குக் கடன் வாங்கிய வருஷமும் இப்படித்தான் இருந்தான். கடைசியில் உன் சின்னம்மாதான் சொன்னாள். அறக்கட்டளைக்காரர்கள் காரில் வந்தார்களாம், உனக்குச் சால்வை போட்டார்களாம், நான்கு வருஷப் படிப்பும் விடுதியும் இலவசம் என்றார்களாம், அடுத்த வாரம் கையெழுத்தாம். அந்த ஒப்பந்தத்தை உன் தம்பியிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் வாங்கிப் படித்தேன். அவனைத் திட்டாதே, நான்தான் மிரட்டினேன்.

நீ டீச்சர் ஆக வேண்டும் என்று சொன்னபோது இந்தக் குடும்பத்தில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை. கொரோனா முடிந்த பிறகு இல்லம் தேடிக் கல்வி நடந்த திண்ணையில், தன்னார்வலர் அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு நீ வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏழாம் வாய்ப்பாட்டில் திணறிய பையனை நீ அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. சம்பளத்துக்காக இந்த வேலைக்கு வருகிறவர்களை முப்பது வருஷமாகப் பார்த்தவள் நான். நீ அந்த ரகம் இல்லை. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. ஆசையாக வருகிற பிள்ளையைத்தான் சுலபமாகக் கட்டிப்போட முடியும்.

ஒப்பந்தத்தில் நான் படித்ததைச் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் ஐந்து வருஷம் அவர்கள் சொல்லும் பள்ளியில் வேலை செய்ய வேண்டும். சம்பளம் ‘நிர்வாகம் நிர்ணயிக்கும் அளவில்’. நடுவில் விலகினால் மூன்று லட்சம் கட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலும் அவர்களிடம் இருக்கும். உனக்கு இப்போது பதினேழு. அங்கிருந்து வெளியே வரும்போது இருபத்தாறு. நம் ஊரிலிருந்து செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் வாங்கும் முன்பணத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே கைநாட்டு, இங்கே கையெழுத்து.

நீ எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறினாய். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் உன் கணக்கில் விழுந்தது. அதற்கு யாராவது உன் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்களா? ஐந்து வருஷம் உழைத்துக் கொடு என்றார்களா? படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள்.

இன்னொரு வேடிக்கையும் பார்த்தேன். அவர்கள் கொடுத்த தாளில் ‘மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய்’ என்று ஒரு வரி இருக்கிறது. அது புதுமைப் பெண் திட்டப் பணம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ, முடிக்கும்வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் அரசு போடுகிற பணம். 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். உன் காசை எடுத்து உனக்கே சால்வை போட்டிருக்கிறார்கள் பாப்பா.

நான் கட்டாயப்படுத்தவில்லை. உன் முன்னால் மூன்று நான்கு வழி இருக்கிறது, எதில் போவது என்பது உன் முடிவு. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கலாம். இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, தேர்வுக் கட்டணம் போலச் சில்லறைக் கட்டணங்கள்தான். பஸ் பாஸ் இலவசம். சாதி, வருமானம் பார்த்துக் கொடுக்கும் அரசு உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு உன் அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான். தங்குவதற்கு அரசு விடுதி இருக்கிறது. அதுவும் எதற்கு, எங்கள் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. மூன்று வருஷம் முடித்துவிட்டு பி.எட். இரண்டு வருஷம். தமிழ்நாட்டில் ஏழு அரசு பி.எட். கல்லூரிகள் இருக்கின்றன. நமக்குக் குமாரபாளையம் பக்கம். மெட்ராஸைப் பார்க்க ஆசை என்றால் லேடி வெலிங்டன் பெண்களுக்கென்றே இருக்கிறது, 1922இல் தொடங்கியது. பட்டத்தில் நல்ல மதிப்பெண் இருந்தால் இடம் கிடைக்கும். செலவு சில ஆயிரங்களில் முடியும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்னைப் போல இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவும் படிக்கலாம். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலேயே படிக்கலாம், சீக்கிரம் முடியும். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குப் போக அது கட்டாயம். பி.எட். படித்தவர்கள் தொடக்கப் பள்ளிக்கு வர முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த இடைநிலை ஆசிரியர் வேலைக்கு ஏறக்குறையப் பத்து வருஷம் காத்துக்கிடந்த பிறகு, 2024இல்தான் தேர்வு வைத்தார்கள். உள்ளே போனாலும் 2009 ஜூனுக்கு முன்னால் சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370, பின்னால் சேர்ந்தவருக்கு 5,200 என்று பிரித்துவைத்த சண்டைக்கு எத்தனை போராட்டம் நடந்தது தெரியுமா? பக்கத்துப் பக்கத்து வகுப்பறையில் ஒரே பாடத்தை நடத்துகிறவர்கள்.

மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் மத்திய அரசுடையது, நல்ல இடம். நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். அது போகட்டும்.

நான்கு வருஷம் சேர்த்துப் படிக்கும் பி.எஸ்ஸி. பி.எட்.டை நான் குறை சொல்லவில்லை. ஒரு வருஷம் மிச்சம். ஆனால் அந்தப் படிப்பின் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 2023இலிருந்து ஐ.டி.இ.பி. என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு. காரில் வந்தவர்கள் எந்தப் படிப்பைச் சொல்கிறார்கள்? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகார ஆணை எங்கே, பல்கலைக்கழக இணைப்பு ஆணை எங்கே? காட்டச் சொல். சால்வை கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கொண்டுவரத் தெரியாதா?

இனி சான்றிதழ் விஷயம். உன் அப்பா இதைப் படித்தால் ‘அக்கா மறுபடியும் ஆரம்பித்துவிட்டது’ என்பான். சொல்லட்டும்.

பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். பேர் வேண்டாம். சேரும்போதே தாளாளர் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். எல்லோரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கைக்கு வருவது இன்னொரு தொகை. அதுகூடப் பரவாயில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, மூப்பு வரிசையில் என் பேர் மேலே வந்து, ஒரு நாள் கார்டு வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசலோடு வரச் சொல்லி. தாளாளர் என்ன சொன்னார் தெரியுமா? பாதிக் கல்வியாண்டில் விட முடியாது, மே மாதம் வந்து வாங்கிக்கொள் என்றார். உன் தாத்தா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போய் அந்தப் பள்ளி வராந்தாவில் சாயந்தரம்வரை உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தலை குனியாத மனுஷன், உனக்கே தெரியும். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நகலை எடுத்துக்கொண்டு சரிபார்ப்புக்குப் போனேன். அசல் இல்லாமல் முடியாது என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, விதி அது.

திரும்ப என் முறை வந்து வேலையில் சேர்ந்தது 2004இல். அப்போது தொகுப்பூதியம், மாதம் மூவாயிரம். 2006 ஜூனில்தான் காலமுறை ஊதியம் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. என்னோடு பயிற்சி படித்த மூக்குத்திக்காரி, நம் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறாள், அவள் முதல் அழைப்பிலேயே போய்விட்டாள். மாதம் பிறந்தால் அவளுக்கு ஓய்வூதியம். எனக்கு, சம்பளத்தில் பிடித்த பணத்துக்குக் கணக்கு. ஒரு பீரோச் சாவி இத்தனையையும் செய்தது. உன் மாமா ‘அதை விடு’ என்கிறார். அவருக்கென்ன, அவர் மின்வாரியத்தில் முன்னாலேயே சேர்ந்தவர்.

இப்போது காலம் மாறிவிட்டது என்று அவர்கள் சொல்வார்கள். மாறித்தான் இருக்கிறது. மாணவர்களின் அசல் சான்றிதழைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்விச் சான்றிதழைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சட்டம் உன் பக்கம். ஆனால் பீரோவைத் திறக்க ஹைகோர்ட்டுக்குப் போகிற வசதி நமக்கு உண்டா? சரிபார்ப்பு நாள் அதுவரை காத்திருக்குமா?

இன்றைக்கு அரசுப் பள்ளிக்குப் போகும் பாதை அன்றைக்கிருந்ததைவிட நீளம். பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வில் 150க்கு வேண்டிய மதிப்பெண் எடுத்து, அதற்குமேல் நியமனத்துக்கு ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். 2012இல் முதல் தகுதித் தேர்வு வைத்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, அந்த வருஷமே மறுபடி வைத்தார்கள். அதைப் படித்துத் தேற நேரம் வேண்டும். காலை எட்டுக்குப் போய் ராத்திரி விடுதியில் மேற்பார்வையும் பார்க்கச் சொல்லும் பள்ளியில் ஐந்து வருஷம் இருந்துகொண்டு எப்போது படிப்பாய்? தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. வருகிறபோது கையில் அசலும் தலையில் பாடமும் இருக்க வேண்டும்.

எம்.எஸ்ஸி.யும் பி.எட்.டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம், அதற்குத் தகுதித் தேர்வு தேவையில்லை. கணக்கில் 91 வாங்கியவள் நீ. இதையும் யோசி.

அரசுப் பள்ளி ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் இழுக்க வேண்டும். பாடம் நடத்துகிற நேரத்தில் எமிஸ் செயலியில் பதிவு செய்யச் சொல்வார்கள், செயலி சுற்றிக்கொண்டே நிற்கும். ஆனால் பிடிக்கவில்லை என்றால் மாறுதல் கேட்கலாம், சங்கத்தில் சேரலாம், அதிகாரியிடம் வாதாடலாம். யாரும் உன் சாதிச் சான்றிதழைப் பீரோவில் வைத்துக்கொண்டு உன்னைப் பேசவிடாமல் செய்ய முடியாது.

உன் அப்பா ஏன் இதற்குச் சம்மதித்தான் என்று எனக்குத் தெரியும். படிப்புச் செலவு மிச்சமானால் உன் பேரில் நகைச்சீட்டு போடலாம் என்று கணக்குப் போடுகிறான். கெட்ட எண்ணம் இல்லை, பயம். இரண்டு வருஷம் மழையும் சரியில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவை அவன் படித்தானா என்று கேள். கல்யாணம் ஆகி வேறு ஊர் போனாலும் அது விலகியதாகத்தான் கணக்கு, மூன்று லட்சம் கட்ட வேண்டும். இதை நான் சொன்னால் சண்டை வரும். நீ சத்தமாகப் படித்துக் காட்டு, போதும்.

நிறைய எழுதிவிட்டேன். இத்தனை வருஷம் வகுப்பில் நின்ற வாய், சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. நீ கெட்டிக்காரி. எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வுக்கு யார் உதவியும் இல்லாமல் விண்ணப்பம் நிரப்பிக் கொண்டுவந்து என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்ட பெண் நீ. நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் உன் பக்கம்தான். அவர்களிடமே சேர்ந்தாலும் கோபிக்க மாட்டேன், சத்தியமாக. உன்னை விடுதியில் கொண்டுபோய் விடவும் நானே வருவேன்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. மாமா கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிவைத்திருக்கிறார், விண்ணப்பக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டார், அது சும்மா கையிருப்புக்கு. ஒப்புட்டு சுடுகிறேன், உனக்கு மட்டும் தனியாக நெய் விட்டு. பிளஸ் டூ தேறியதற்கு எடுத்த சுடிதார் துணியும் இங்கேதான் இருக்கிறது, அளவு கொடுத்துவிட்டுப் போகலாம். மாடி அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன், என்ன நிறம் வேண்டும் என்று சொல். உன் தம்பியையும் கூட்டிவா, அவனுக்கு நான் ஒரு பிரியாணி பாக்கி.

பஸ் ஏறினதும் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் அத்தை