துளைச்சுவரும் கடலலையும்

துறைமுகத்தைக் காக்கத் திண்ணிய சுவரெழுப்பினாற் போதுமென்று எண்ணுவோர் பலர். அச்சுவர் அலையை அழிப்பதில்லை, வந்தவாறே திருப்பிவிடுகின்றது. வரும் அலையுந் தெறித்த அலையுங் கூடிச் சுவரருகே உயரம் இருமடங்காகும். சுவரின் அடிமண் அரிபடும். அயலிற் செல்லுந் தோணிகள் அலைக்கழியும்.

சுவரிலே துளைகளிட்டால் யாது நிகழும்? மாணவர்களே, ஒரு கணக்குச் செய்வோம். மெல்லிய துளைச்சுவரொன்று அலையுயரத்திற் பாதியைத் தெறித்துப் பாதியை உள்ளே விடுகின்றதென்க. அலை முழுவதும் பிழைத்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் அலையின் சக்தி உயரத்தின் வர்க்கத்துக்கேற்ப அமைவது. ஆகவே தெறித்தது 1/4 பங்கு, புகுந்தது 1/4 பங்கு. எஞ்சிய 1/2 பங்கு துளைகளிற் சுழிகளாய்ச் சிதைந்து வெப்பமாயிற்று. (தமிழாசிரியனுக்கும் எட்டுங் கணக்கிது!) துளைகளைச் சுருக்கி உயரத்தில் 3/4 பங்கைத் தெறிக்கச்செய்யின், புகுவது 1/4; அழியுஞ் சக்தியோ 3/8 பங்கே. அத்தகைய தனிச்சுவர் பாதிக்குமேல் விழுங்காது.

இவ்வரம்பைக் கடக்கும் வழியை 1961இல் ஜார்லான் என்பார் வெளியிட்டார். துளைச்சுவரின் பின்னே, அலைநீளத்தில் ஏறக்குறைய 1/4 பங்குத் தூரத்தில், திண்சுவரொன்றை நிறுத்துவது அவர் முறை. பின்சுவரிற் பட்டு மீளும் அலை, முன்சுவரிலே தெறித்த அலைக்கு எதிராய் வந்து அதனை அடக்கும். துளைகளூடாக விரையும் நீர் சக்தியை இழக்கும். கனடாவின் பே-கோமோத் துறைமுகத்தில் இவ்வமைப்புக் கட்டப்பட்டது. அலைநீளம் பெரிதும் மாறினாற் பயன் குறையும்.

ஆதலாற் கட்டுமுன் தொட்டியில் மாதிரியமைத்துச் சோதிப்பர். நீளங்களை 1/25 ஆக்கினால் அலையின் காலம் 1/5 ஆகும். இடைவெளிகளை மட்டும் அவ்வாறே சுருக்கலாகாது. நுண்ணிய இடுக்கில் நீர் பாகுபோலத் தயங்கும். கல்லணை மாதிரியாயின், உட்கற்களைக் கணக்கினுஞ் சற்றுப் பெரிதாகவே இடுவர்.