சமூக நலப் பணியில் முதல் படி: அடிவாரத்திலிருந்து ஒரு கடிதம்

ஏற்காடு அடிவாரம், சேலம்

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதிக்கொள்வது.

சமூக நலப் பணி என்று பொதுவாகச் சொல்லப்படுவது, நோயாலோ வறுமையாலோ முதுமையாலோ உடற்குறையாலோ வீட்டுக்குள் நடக்கும் வன்முறையாலோ தனித்து நிற்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவரை, அவருக்குச் சட்டப்படி உரிய உதவியோடும் அவரைத் தாங்கக்கூடிய மனிதரோடும் சேர்த்துவைக்கும் தொழிலாகும். அது தொழில்தான் என்பதை முதலிலேயே வலியுறுத்த வேண்டியிருக்கிறது. ஏனெனில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் இத்துறைக்குப் போக விரும்புவதாகச் சொன்னால் ‘நல்ல மனசு’ என்று பாராட்டுபவர் பலர் இருக்க, எங்கே பயிற்சி, யார் கற்றுத்தருவது என்று கேட்பவர் அநேகமாக இருப்பதில்லை. அடி தாங்காமல் கணவன் வீட்டைவிட்டு வந்த பெண்ணிடம் ‘கொஞ்சம் அனுசரித்துப் போ’ என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்களும் இரக்கம் உள்ளவர்களே. அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொண்டு, அவள் இன்றிரவு எங்கே பாதுகாப்பாகத் தங்க முடியும் என்று முதலில் பார்ப்பது பயிற்சியால் மட்டுமே வருகிறது.

தமிழ்நாட்டில் இத்துறையின் தொடக்கநிலை வேலைகள் பல பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் வரும் அங்கன்வாடிப் பணியாளர், துணை செவிலியர் படிப்பை இரண்டு ஆண்டுகள் படித்துத் துணை சுகாதார நிலையத்தில் அமரும் கிராம சுகாதார செவிலியர், 2005இல் வந்த தேசிய ஊரக நல இயக்கத்தின் ஆஷா பணியாளர், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஆகியோர் இவ்வேலைகளைச் செய்வோருள் முக்கியமானவர்கள். மாற்றுத்திறனாளிகளிடையே பணியாற்ற விரும்புவோருக்கு, இந்திய மறுவாழ்வு கவுன்சில் 2021இல் தொடங்கிய ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. பட்டப்படிப்பு வழியை விரும்புவோர் சமூகப்பணியில் இளங்கலையும் முதுகலையும் படிக்கலாம். 1936இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சென்னை சமூகப்பணிப் பள்ளியும் தொடங்கி வைத்த மரபு அது.

இவற்றில் எது உயர்ந்தது என்ற கேள்வியைவிட, எந்தப் பயிற்சி களத்துக்கு அருகில் நடக்கிறது என்ற கேள்வியே பயனுள்ளது. ஆஷா பணியாளருக்கு வகுக்கப்பட்ட தொடக்கப் பயிற்சி 23 நாட்கள்தான். ஆனால் அது ஒரே மூச்சில் முடிக்கப்படாமல் ஐந்து தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தவணையில் கற்றதை ஊரில் செய்து பார்த்து, தடுக்கி விழுந்த இடங்களைச் சுமந்துகொண்டு அடுத்த தவணைக்கு வரும்படி அமைந்த அந்த ஏற்பாடு, மூன்று ஆண்டுகள் குறிப்பேடு நிரப்பிவிட்டு ஒரு வீட்டின் திண்ணையிலும் உட்காராமல் வெளிவரும் பட்டத்தைவிட நல்ல அமைப்பு என்றே சொல்ல வேண்டும்.

அடிவாரத்தில் பிறந்தவருக்கு இத்துறையில் இயல்பான ஓர் இடம் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அதற்கும் அப்பால் காப்பித் தோட்டங்களைத் தாண்டிச் சேர்வராயன் மலையின் சிற்றூர்கள். இந்தப் பக்கம் இறங்கினால் ஆட்சியர் அலுவலகமும், ஊரார் ‘ஜி.எச்.’ என்று சொல்லும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ள சேலம் நகரம். மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர்; அவர்கள் கேரளத்தவர் அல்லர், காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியதாகத் தம் வழிமரபைச் சொல்லும் தமிழ் பேசும் மக்கள். மலையிலிருப்பவருக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி கீழே இருக்கிறது. கீழேயிருக்கும் அலுவலருக்கு மேலே வாழும் மனிதர் பெரும்பாலும் ஒரு விண்ணப்ப எண்ணாக மட்டுமே தெரிகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே போய்வரக் கற்றவரே இப்பகுதிக்குத் தேவைப்படும் பணியாளர்.

பழங்குடிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். ஏற்காட்டிலேயே வட்டாட்சியர் அலுவலகம் இருந்தாலும், பழங்குடியினருக்கான இனச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கே உரியது; அச்சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் எட்டாமல் போகின்றன. இன்னும் கூர்ந்து கவனித்தால், பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் சேலம், தருமபுரி முதலிய குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டும் எழுதப்பட்டிருப்பதால், ஈரோடு மாவட்டத்து மலைகளில் வாழும் அதே மக்களுக்கு அந்த உரிமை கிட்டாத நிலையும் தெரியவரும். ஒரே குலம், வேறு மலை, வேறு விதி. இதை அறிந்த பணியாளர், பவானி, அந்தியூர்ப் பக்கமிருந்து மணமாகி வந்த பெண்ணின் விண்ணப்பம் எங்கே சிக்கும் என்று முன்கூட்டியே கேட்டு ஆவணங்களைத் திரட்டுவார். அறியாதவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததோடு தம் கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்வார்.

வீட்டுக்குப் போவது இப்பணியின் அடிப்படைச் செயல். அதைத் தவறாகச் செய்வதும் மிக எளிது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர் போயிருந்த சேலம் மாவட்டத்தில்தான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. வேண்டாம் என்று கருதப்பட்ட பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற அந்த ஏற்பாடு உயிர்களைக் காத்தது. எனினும், அந்த வீட்டில் அடுத்த பெண் குழந்தை ஏன் வேண்டாதவளாகிறாள் என்ற கேள்வியைத் தொட்டிலால் தொட முடியவில்லை. முதற்குழந்தையும் இரண்டாம் குழந்தையும் பெண்ணாகப் பிறந்த கர்ப்பிணியின் வீட்டுக்கு அடிக்கடி போக வேண்டிய பொறுப்பு, செவிலியர் மீதும் அங்கன்வாடிப் பணியாளர் மீதும் விழுந்தது. அந்த வருகையைக் காவலாக உணர்ந்த குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ளும், கர்ப்பத்தையே மறைக்கும். உறவாக உணர்ந்த குடும்பம் மாமியாரின் வாயாலேயே உண்மையைச் சொல்லும். அண்டை மாவட்டமான தருமபுரியில் 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் நிதியுதவி பெற்ற சுகாதாரத் திட்டம் ஒன்று உள்ளூர்க் கலைஞர்களைப் பயிற்றுவித்து, பெண் சிசுக்கொலை பற்றிய தெரு நாடகத்தை ஊர்ஊராக நடத்தியதற்குக் காரணம் இதுவே: கண்காணித்து மாற்ற முடியாததை, ஊரே கூடிப் பேசவைத்து மாற்ற முயன்றனர்.

உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தே ஒரு வட்டாரத்தின் நலத்தை உயர்த்தலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வழிமுறை தொடர்ந்து வந்திருக்கிறது. மருத்துவர் டி. எஸ். சௌந்தரம் இராமச்சந்திரன் 1947இல் தம் கணவர் ஜி. இராமச்சந்திரனோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். கிராமப் பெண்களைச் சேவிகைகளாகப் பயிற்றுவிப்பது அங்கு நடந்த முக்கியப் பணிகளுள் ஒன்று. சின்னாளப்பட்டியில் சிறு மருந்தகமாகத் தொடங்கியதே பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. அந்த மருத்துவமனையில் பணியாற்றிய ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவத் தம்பதியர் 1993இல் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவேயுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு வந்து, ஒரு கூரைக் கொட்டகையில் ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பின் பணியைத் தொடங்கினர். வெளியூரிலிருந்து செவிலியரைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, அதிகம் பள்ளி படிக்காத மலையாளிப் பெண்களையே தேர்ந்து, பிரசவம் பார்க்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் கைக்குழந்தையின் எடையைக் குறிக்கவும் பழக்கினர். ஊர்தோறும் மூத்த பெண்கள் சிலருக்குச் சுகாதாரத் துணையாளர் பயிற்சியும் தரப்பட்டது. குழந்தை இறப்பு மிக அதிகமாக இருந்த அப்பள்ளத்தாக்கில் அது பெரிதும் குறைந்ததற்கு அந்தப் பெண்களின் கைகளே முதற்காரணம். சான்றிதழ் அவர்களுக்கு முதலில் வரவில்லை. பக்கத்தில் நின்று, செய்வதைப் பார்த்து, தவறும்போது திருத்திய ஒருவர் முதலில் இருந்தார்.

அப்படித் திருத்துபவரைத்தான் சமூகப்பணிக் கல்வியில் மேற்பார்வையாளர் என்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுபவர் வேறு; களக்குறிப்பைப் படித்து ‘இந்த வரி எப்படித் தெரியும்’ என்று கேட்பவர் வேறு. களக்குறிப்பு என்பது ஒவ்வொரு சந்திப்பிலும் கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் தேதியோடு எழுதிவைப்பது. ‘கணவர் பொறுப்பற்றவர்’ என்று எழுதுவது அபிப்பிராயம். ‘குடும்ப அட்டை அடகில் இருக்கிறது, இரண்டு மாதமாக அரிசி வாங்கவில்லை என்று மனைவி சொன்னார்’ என்பது குறிப்பு. முன்னதைக் கொண்டு எவரும் எதுவும் செய்ய முடியாது. பின்னதைக் கொண்டு அட்டையை மீட்க வழி தேடலாம். தமிழில் தெளிவாக நான்கு வரி எழுதத் தெரிந்த பணியாளர் இத்துறையில் அரிதாகவே கிடைக்கிறார் என்பதால், மகள் இப்போதிருந்தே பழக வேண்டிய திறன் இதுவாகும்.

அடுத்தது பரிந்துரைத்தல், மருத்துவமனை வழக்கில் ‘ரெஃபர்’ செய்வது. ‘ஜி.எச்.சுக்குப் போங்கள்’ என்று சொல்வது பரிந்துரை ஆகாது. எந்தப் பிரிவு, எந்த நேரத்தில் சீட்டு கொடுப்பார்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறதா, கூட வருபவரின் அன்றைய கூலிக்கு என்ன வழி, மலைக்குத் திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்ற ஐந்துக்கும் விடை தெரிந்த பிறகே ஒருவரை அனுப்ப வேண்டும். அனுப்பிய மறுநாள் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிக்கவும் வேண்டும். பலமணி நேரம் வரிசையில் நின்று மருத்துவரைப் பார்க்காமலே திரும்பிய தாய், அடுத்த முறை அழைத்தாலும் வரமாட்டார்.

இரகசியம் காப்பது இத்தொழிலின் விதி. அந்த விதிக்கும் எல்லை உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்வதாகச் சொன்னாலும் பணியாளருக்கு அங்கே விருப்பத் தேர்வு இல்லை. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் உதவி எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். அதே வேளையில், குழந்தையின் பெயரோ ஊரோ பள்ளியோ வெளியே கசியக்கூடாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் மலையூரில் இது சொல்வதற்கு எளிது, காப்பதற்குக் கடினம். சொந்த ஊரில் பணியாற்றுபவரின் பலமும் பலவீனமும் ஒன்றே: எல்லா வீட்டிலும் அவருக்குத் தண்ணீர் கிடைக்கும், எல்லா வீட்டிலும் அவரிடம் அடுத்த வீட்டுக் கதை கேட்பார்கள்.

ஊதியத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. தன்னார்வலர் என்றும் மதிப்பூதியம் என்றும் பெயர் வைத்து, முழுநேர உழைப்புக்குப் பகுதிநேரப் பணம் தரும் வழக்கம் இத்துறையில் வேரோடியிருக்கிறது. பணியாளர் பெரும்பாலும் பெண்களாக இருப்பதும் அதற்குக் காரணம் என்று கருத இடமுண்டு. ஆகவே முதல் வேலையை முடிவிடமாகக் கொள்ளாமல், அதிலிருந்தபடியே செவிலியர் படிப்புக்கோ தொலைநிலையில் பட்டத்துக்கோ மறுவாழ்வுத் துறைச் சான்றிதழுக்கோ நகரும் திட்டம் தொடக்கத்திலேயே இருப்பது நல்லது.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கட்டடத்தையோ விளம்பரத்தையோ பார்க்க வேண்டியதில்லை. செவிலியர் படிப்பானால் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரமும், மறுவாழ்வுப் படிப்பானால் மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரமும் நடப்பாண்டுக்கு உள்ளனவா என்பதை அந்தக் கவுன்சில்களின் பட்டியலிலேயே சரிபார்க்க வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி, களக்குறிப்பைப் படிப்பவர் யார், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இருவரையாவது நேரில் பார்த்துப் பேசிய பிறகு பணம் கட்டலாம். அசல் மதிப்பெண் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, இடையில் விலகினால் முழுக் கட்டணமும் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லும் இடத்தில் மகள் சேர வேண்டாம்.

இப்படிக்கு,
பெரியப்பா