அழுவதற்கு முன்பே தூக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இன்னும் சில வாரங்களில் நீ அப்பா ஆகப்போகிறாய். தொட்டில், மெத்தை, பவுடர், கிலுகிலுப்பை என்று வாங்க வேண்டியவற்றின் பட்டியல் இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். அவற்றில் பாதி இல்லாமலே குழந்தை நன்றாக வளரும். கைக்குழந்தை உள்ள வீட்டில் பாரத்தைக் குறைப்பவை, நேரம் அறிந்து செய்யும் சில சின்னக் காரியங்கள்தாம். அவற்றில் முதன்மையான ஒன்றை மட்டும் இந்தக் கடிதத்தில் எடுத்துக்கொள்கிறேன். அழுத பிறகு ஓடிப்போய்த் தூக்குவதோடு நிற்காதே. அழாமல் இருக்கும்போதே தூக்கி வைத்திரு. “தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டால் அப்புறம் கீழே விடாது” என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். அக்கறையில் சொல்கிற வார்த்தை அது. அதனால் அதற்குரிய பதிலையும் சான்றோடு சொல்ல வேண்டும்.

பச்சைக்குழந்தையின் அழுகைக்கு ஒரு போக்கு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன், 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டு நாள்தோறும் குறித்துவைக்கச் செய்து, 1962இல் அதை வெளியிட்டார். பிறந்த சில நாள்களிலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் நாளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தைத் தொட்டது. மூன்றாம் மாதத்துக்குள் தணிந்தது. அதிலும் மாலை நேரத்தில்தான் மிகுதி. ஆகவே ஆறாவது வாரத்தில் குழந்தை அதிகம் அழுதால், வளர்ப்பில் ஏதோ பிசகு என்று நீங்கள் இருவரும் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். 1986இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹன்சிக்கர், பார் என்ற இருவர் அடுத்த கேள்வியை எழுப்பினார்கள்: அந்த உச்சத்தைக் குறைக்க முடியுமா? 99 தாய்மாரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரை நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் குழந்தையைக் கையிலோ துணியில் கட்டியோ சுமக்கச் சொன்னார்கள். அழும்போது தூக்குவது மட்டும் கணக்கில் சேராது, மற்ற நேரத்திலும் சுமக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறாவது வாரத்தில் அந்தக் குழுவின் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. மாலை அழுகை 51 சதவீதம் குறைந்தது.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பசி வந்ததும் குழந்தை அழுவதில்லை. முதலில் தலையைத் திருப்பித் தேடும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அழுகை கடைசியாக வருவது. வீறிட்டு அழும் குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் அது மார்பைச் சரியாகப் பற்றுவதில்லை. முதலில் அழுகையை அடக்க வேண்டியிருக்கிறது. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைத் தணிப்பது போன்ற வேலை அது. தோளில் இருக்கும் குழந்தையின் முதல் அசைவு, தூக்கி வைத்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

இனி அந்த எச்சரிக்கைக்கு வருகிறேன். பால்டிமோரில் 26 குழந்தைகளை முதல் ஆண்டு முழுவதும் கவனித்த மேரி ஐன்ஸ்வொர்த்தும் சில்வியா பெல்லும் 1972இல் எழுதியது இது: தொடக்க மாதங்களில் அழுகைக்கு விரைந்து செவிசாய்த்த தாய்மாரின் குழந்தைகள், ஆண்டின் இறுதியில் குறைவாகவே அழுதன. இந்த முடிவோடு வாதிட்ட அறிஞர்களும் உண்டு. ஒரே ஓர் ஆய்வை நம்பி முடிவுகட்ட நானும் சொல்லவில்லை. 2006இல் செயின்ட் ஜேம்ஸ்-ராபர்ட்ஸ் குழுவினர் மூன்று வகைப் பெற்றோரை ஒப்பிட்டார்கள்: லண்டனில் இருந்தவர்கள், கோபன்ஹேகனில் இருந்தவர்கள், இரவும் பகலும் குழந்தையை உடலோடு வைத்து வளர்த்தவர்கள். மற்ற இரு பிரிவினரைவிடக் குறைவாகத் தூக்கிய லண்டன் பெற்றோரின் குழந்தைகள், முதல் வாரங்களில் 50 சதவீதம் அதிகமாக அழுதன. ஆனால் பன்னிரண்டாவது வாரத்தில் இரவு அடிக்கடி விழித்தவை, எந்நேரமும் உடலோடு ஒட்டி வளர்ந்த குழந்தைகள்தாம். பெரியவர்களின் எச்சரிக்கையில் உள்ள உண்மை இந்த அளவுக்குத்தான். எனவே பகலில் தாராளமாகத் தூக்கு. இரவில் பால் குடித்து முடித்ததும் படுக்க வைத்துப் பழக்கு.

படுக்க வைப்பதிலும் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. தோளில் தூங்கிய குழந்தை பாயைத் தொட்டதும் கண் விழிப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் குரோதா குமி குழுவினர் 21 குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து, 2022இல் ஒரு முறையைப் பரிந்துரைத்தார்கள். அழும் குழந்தையை அணைத்தபடி ஐந்து நிமிடம் சீராக நட. தூங்கியதும் உடனே கீழே விடாமல், உட்கார்ந்து இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்திரு. பிறகு படுக்க வை. தூக்கம் ஆழப்படாத நிலையில், நம் உடலிலிருந்து பிரியும் கணமே குழந்தையை எழுப்பிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஆய்வு சிறியதுதான், ஆனால் செலவில்லாத, தீங்கில்லாத முறை.

“பிள்ளை பெற்ற உடம்போடு அவள் எப்படி நாளெல்லாம் சுமப்பாள்?” என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன். பாலூட்டுவது அவளால்தான் முடியும்; தோளில் போட்டு நடப்பதற்குத் தாய்தான் வேண்டும் என்பதில்லை. மாலை அழுகை உச்சத்தில் இருக்கும் நேரமும் நீ வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் பெரும்பாலும் ஒன்றே. அழுகை தொடங்கும் வழக்கமான நேரத்துக்கு அரைமணி முன்பே குழந்தையை வாங்கிக்கொள். தலை நிற்காத குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடி. துணியில் கட்டினால் மூக்கு மறையாமல், தாடை மார்பில் அழுந்தாமல் பார்த்துக்கொள். தூக்கம் உன் கண்ணைச் சொக்கினால் சோபாவில் சாயாதே. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிடு.

இவ்வளவு செய்தும் ஓயாத அழுகை சில குழந்தைகளிடம் உண்டு. 2006ஆம் ஆண்டு ஆய்வில், எதற்கும் அடங்காத அந்த வகை அழுகை மூன்று பிரிவிலும் ஒரே அளவில்தான் இருந்தது. காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அழுகையின் தன்மையே மாறினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போ. அப்படி எதுவும் இல்லாமல் அழுது, உன் பொறுமையும் எல்லை தொட்டால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே போய் நில். எந்த ஆத்திரத்திலும் குழந்தையைக் குலுக்காதே. மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

முதல் மூன்று மாதத்துக்கு மாலை நேரத்தை வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளாமல் ஒதுக்கி வை. எந்த நேரம் யார் தூக்குவது என்பதை, குழந்தை பிறப்பதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்