கட்டம் பெயர்க்கும் வடிப்பான்

கழுகுமலையிற் பங்குனி உத்திரத் தேரோட்டத்தைக் கண்டோர் இதனை அறிவர். வடம் பிடிப்போர் அனைவரும் முழுப்பலத்தோடு இழுப்பினும், ஒரே கணத்தில் இழுத்தாலன்றித் தேர் அசையாது. பலம் ஒன்று, அது வந்து சேருங் கணம் வேறொன்று. ஒலியிலும் இவ்விரண்டும் உள. அதிர்வின் வலிமையை வீச்சு என்றும், அவ்வதிர்வு தன் சுற்றில் எவ்விடத்தில் நிற்கின்றதோ அதனைக் கட்டம் என்றுங் கூறுவர்.

கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுர இசைத்தட்டொன்றை, வினாடிக்கு 44,100 எண்களாகக் கணிப்பொறியில் ஏற்றுகிறோம் என்று கொள்வோம். தட்டு சுழலும் உறுமலை நீக்க ஒரு வடிப்பானை இடுகிறோம். உறுமல் நீங்குகின்றது, ஆனால் அதனை அடுத்துள்ள தாழ்ந்த அதிர்வுகள் சற்றே பிந்தி வருகின்றன. நீண்டொலிக்கும் நாகசுரத்தில் இது செவிக்குப் பெரிதும் புலனாகாது. தவிலடியோ பல அதிர்வுகள் ஒருங்கே எழுவதாற் பிறப்பது. அவை சிதறினால் அடியின் கூர்மை மழுங்கும்.

இங்கே உதவுவது, வீச்சைத் தொடாது கட்டத்தை மட்டும் பெயர்க்கும் வடிப்பான். அதன் விதி சிறிது: இப்போது வரும் எண்ணின் அரைப்பங்கைக் கழித்து, முன் வந்த எண்ணையும், முன் வெளியிட்டதன் அரைப்பங்கையும் கூட்டுக. 1 என்னும் ஒரே அடியை இட்டால் −0.5, 0.75, 0.375, 0.1875 என வெளிவரும். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் மீண்டும் 1. நாமும் இதனை நம்பாது தாளிற் போட்டுப் பார்த்தோம். எட்டாவது எண்ணிலேயே தொகை 0.9999-ஐக் கடந்துவிட்டது!

மாறாத 1 தொடர்ந்து வரின் 1 ஆகவே நிலைக்கும். 1, −1 என மாறிமாறி வரின் குறி மட்டும் தலைகீழாகும், அளவு குறையாது. இடைப்பட்ட அதிர்வுகள் இடைப்பட்ட அளவு பெயரும். தாழ்ந்தவை ஏறக்குறைய மூன்று எண்ணளவு பிந்த, மிக உயர்ந்தவை மூன்றிலொரு பங்கே பிந்தும். நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறன்றோ? இரண்டு அரைப்பங்குகளின் குறியையும் மாற்றினாற் போதும். உயர்ந்தவை அதிகம் பிந்தும். மூன்று எண்ணளவென்பது வினாடியிற் பதினாயிரத்திலொரு பங்கினுங் குறைவாதலின், தக்க எண்களைத் தேர்ந்து இத்தகைய வடிப்பான்கள் பலவற்றை வரிசையாகக் கோத்தல் வேண்டும்.

பிந்தியதை முன்னே இழுக்க இவ்வடிப்பானால் இயலாது. முந்தியவற்றை நிறுத்திவைத்துப் பிந்தியவற்றோடு ஒருங்கே விடுகின்றது. தவிலடி சிறிது தாமதித்தே கேட்கும். ஆயினும் ஓரடியாகவே கேட்கும்.