வேண்டாத மின்னஞ்சல்

தபாலில் கடிதம் அனுப்புபவர் தபால்தலை வாங்கி ஒட்ட வேண்டும். ஆகவே ஆயிரம் பேருக்கு எழுத விரும்புபவர் முதலில் தம் பணப்பையைப் பார்த்துக்கொள்வார். மின்னஞ்சலுக்கு அந்தத் தடை இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பினாலும் பத்து இலட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவில் பெரிய வேறுபாடு கிடையாது. மிகச் சிலர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு இலாபமே. அழையா விருந்தாளிகளாக இவ்வஞ்சல்கள் நம்மிடம் வந்து குவிவதற்கு இதுவே மூலகாரணம்.

இதன் வரலாறு சுவையானது. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையில், கணிப்பொறி விற்பனைக்காக ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரம் அனுப்பப்பட்டது. பலர் சினந்து கண்டித்தனர். இதனையே முதல் வேண்டாத மின்னஞ்சல் என்பர். பின்னர் இதற்கு ‘ஸ்பாம்’ என்னும் பெயர் ஏற்பட்டது. அது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டப்பா இறைச்சியின் பெயர். 1970இல் ஒளிபரப்பான ஓர் ஆங்கில நகைச்சுவைக் காட்சியில், உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியின் பெயரே ஒலித்துப் பிற பேச்சை மூழ்கடிக்கும். அதிலிருந்து இப்பெயர் வந்தது.

வெறும் விளம்பரம் நம் நேரத்தை மட்டுமே வீணாக்கும். மோசடி அஞ்சலோ பணத்தையே பறிக்கும். “உங்களுக்குப் பரிசு விழுந்தது” என்பது ஆசையைத் தூண்டும். “உங்கள் வங்கிக் கணக்கு இன்றே முடக்கப்படும்” என்பது அச்சத்தைத் தூண்டும். சிந்திக்க விடாமல் அவசரப்படுத்துவதே இரண்டின் தந்திரமும் ஆகும்.

நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகள் இவை:

1. அனுப்பியவரின் பெயரை மட்டும் பாராமல் முழு முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பார்ப்போம்.

2. அறிமுகமற்ற அஞ்சலுக்குப் பதில் எழுத மாட்டோம். அதிலுள்ள இணைப்பைத் தொட மாட்டோம். பதில் எழுதினால் நம் முகவரி உயிருடன் உள்ளது என அவர்கள் அறிந்துகொள்வர்.

3. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் எவருக்கும் தர மாட்டோம்.

4. அழிப்பதற்கு முன் ‘ஸ்பாம்’ எனக் குறிப்போம். அக்குறிப்புகளைக் கொண்டே வடிகட்டி அடுத்த அஞ்சலை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறது.

5. வடிகட்டியும் தவறக்கூடும். கல்லூரி விண்ணப்பம் போன்றவற்றுக்குப் பதிலை எதிர்பார்க்கும் நாள்களில் ஸ்பாம் பெட்டியையும் திறந்து பார்ப்போம்.

மாணவிகளே! நம் வீடுகளில் கைப்பேசியைக் கையாளத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நாமே. தாத்தாவின் ஓய்வூதியமும் அம்மாவின் சீட்டுப் பணமும் ஒரு தவறான தொடுதலில் போய்விடக் கூடும். அவர்கள் ஐயம் கேட்டால் சலிக்காமல் விளக்குவோம். ஒருவேளை ஏமாந்துவிட்டால் கடிந்துகொள்ள வேண்டாம். ஏச்சுக்கு அஞ்சி மறைத்தால் பணத்தை மீட்கும் வாய்ப்புக் குறையும். உடனே வங்கிக்கும், 1930 என்னும் உதவி எண்ணுக்கும் தெரிவிக்கச் செய்வோம். நாம் கற்ற கல்வி முதலில் நம் வீட்டைக் காக்கட்டும்.